சோயா வேர் முடிச்சுக்குள் குடியிருப்பது யார்?

கேள்வி இதுதான். நிலக்கடலையும் தட்டைப்பயறும் மாறி மாறிப் போட்டுவந்த செம்மண் காட்டில் ஒருவர் முதன்முறையாகச் சோயா மொச்சை விதைத்திருக்கிறார். வேரில் முடிச்சு போட்டுக் காற்றின் தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தரும் பாக்டீரியாவை ‘ரைசோபியம்’ என்று பொட்டலத்தில் விற்கிறார்களே, பாதி விதைக்கு அதைத் தடவி நேர்த்தி செய்தாயிற்று. மீதிக்குப் பொட்டலம் பற்றவில்லை, வெறும் விதையாகவே போட்டுவிட்டார். நாற்பது நாள் கழித்துப் பிடுங்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் முடிச்சு இருக்கிறது. “சோயாவுக்கென்று ஒரு பாக்டீரியாதானே உண்டு? போடாத இடத்துக்கு அது எப்படி வந்தது? அப்படியானால் பொட்டலம் எதற்கு?” என்று கேட்கிறார்.

முதலில் அந்த ‘ஒரு பாக்டீரியா’வை எடுத்துக்கொள்வோம். அப்படி ஒன்று கிடையாது. சோயா வேரில் முடிச்சு போடக்கூடிய சிற்றினங்கள் ஒரு டஜனுக்கு மேல் பெயர் வாங்கியிருக்கின்றன. ஒரே வயலில் மூன்று நான்கு சேர்ந்து இருப்பது சாதாரணம். ஒரே செடியில் பக்கத்துப் பக்கத்து முடிச்சுகளில் வேறு வேறு ஆட்கள் குடியிருப்பதும் அப்படித்தான். பொட்டலத்தின் மேல் ‘ரைசோபியம்’ என்று அச்சடித்திருப்பதே பழக்கத்தால் ஒட்டிக்கொண்ட பழைய பெயர். சோயாவில் பெரும்பாலும் இருப்பது ரைசோபியம் அல்ல, பிராடிரைசோபியம்.

‘பிராடி’ என்றால் கிரேக்கத்தில் மெதுவான. இதயம் மெதுவாகத் துடிப்பதை மருத்துவர்கள் பிராடிகார்டியா என்கிறார்களே, அதே பிராடி. அது எவ்வளவு மெதுவு என்பது ஆய்வகத்தில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். முடிச்சைக் கழுவி, மேல்தோலில் உள்ள கிருமிகளைக் கொன்று, நசுக்கி, அந்தச் சாற்றை ஈஸ்ட் சாறும் மேனிட்டால் சர்க்கரையும் கலந்த அகார் தட்டில் தீற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் நாளே பளபளவென்று காலனி வந்தால் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். அது பெரும்பாலும் உள்ளே ஒண்டியிருந்த வேறு ஏதாவது பாக்டீரியாவாக இருக்கும். உண்மையான ஆள் ஆறாம் நாள், ஏழாம் நாள்தான் குண்டூசித் தலை அளவுக்கு எட்டிப் பார்ப்பார். ஐந்தாம் நாளே ‘ஒன்றும் வரவில்லை’ என்று தட்டைக் கழுவிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். நானும் ஒருமுறை போட்டிருக்கிறேன்.

தட்டில் புரோமோதைமால் புளூ என்ற சாயத்தைச் சேர்த்தால் இன்னொரு வேடிக்கையும் பார்க்கலாம். பச்சையாக இருக்கும் தட்டு, மெதுவாக வளரும் பிராடிரைசோபியம் வந்தால் நீலமாகும், ஏனென்றால் அது காரத்தன்மையை உண்டாக்குகிறது. வேகமாக வளரும் வகை வந்தால் அமிலம் சுரந்து மஞ்சளாகும். சோயா முடிச்சிலிருந்து எடுத்ததில் மஞ்சளும் வரும் என்பதை உலகம் ஒத்துக்கொள்ளவே 1982 ஆகிவிட்டது.

அதுவரை கதை எளிமையாக இருந்தது. 1888இல் ஹாலந்தில் பெயரிங்க் முடிச்சுக்குள்ளிருந்து பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அதற்குச் சற்று முன்புதான், முடிச்சு உள்ள பயறுகள் காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கின்றன என்று ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிரூபித்திருந்தார்கள். சோயாவில் இருப்பதற்கு கிர்ஷ்னர் வைத்த ஜப்பானிக்கம் என்ற பெயர் 1890களில் வந்தது. பிறகு ஏறத்தாழ 90 ஆண்டுகள், சோயா என்றால் ரைசோபியம் ஜப்பானிக்கம், அவ்வளவுதான். 1982இல் இரண்டு காரியம் நடந்தது. ஜோர்டான் என்பவர் மெதுவாக வளர்பவற்றைப் பிரித்து பிராடிரைசோபியம் என்று தனிப் பேரினம் ஆக்கினார். அதே ஆண்டு, சீனாவிலிருந்து கொண்டுவந்த முடிச்சுகளிலும் மண்ணிலும் வேகமாக வளரும் வகை இருப்பதாக கைசர் குழுவினர் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அவை காட்டுச் சோயாவிலும் ‘பீக்கிங்’ என்ற பழைய ரகத்திலும் நன்றாக வேலை செய்தன. அமெரிக்காவில் மேம்படுத்திய வணிக ரகங்களில் பெரும்பாலும் சோபிக்கவில்லை. பின்னால் அதற்கு ஃபிரெடி என்று பெயர் வந்தது. இன்று சைனோரைசோபியம் ஃபிரெடி என்றோ என்சிஃபர் ஃபிரெடி என்றோ எழுதுகிறார்கள். இந்தப் பெயர்ச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

அப்புறம் பிராடிரைசோபியம் பேரினத்துக்குள் புதுச் சிற்றினப் பெயர்கள் வரிசையாக வந்தன. 1992இல் எல்கானி, 1995இல் லியாவோனிங்கென்ஸே, பிறகு யுவான்மிங்கென்ஸே, ஹுவாங்ஹுவாய்ஹாயென்ஸே, டாச்சிங்கென்ஸே, ஒட்டாவென்ஸே. வாயில் நுழையாது என்றாலும் பெரும்பாலானவை ஊர்ப் பெயர்கள்தான். லியாவோனிங் ஒரு மாகாணம், டாச்சிங் ஒரு நகரம். ஹுவாங், ஹுவாய், ஹாய் மூன்றும் வட சீனச் சமவெளியின் ஆறுகள். பட்டியலில் சீனப் பெயர்கள் இவ்வளவு இருப்பதற்குக் காரணம் உண்டு. சோயாவைக் காட்டிலிருந்து வயலுக்குக் கொண்டுவந்தது அந்தப் பக்கம்தான். ஒரு பயிர் பிறந்த இடத்தில் அதன் கூட்டாளிகளும் அதிக வகையில் இருப்பார்கள்.

இதில் 2013இல் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். யுஎஸ்டிஏ 110 என்ற ஸ்ட்ரெயின் (ஒரு சிற்றினத்துக்குள் தனியாகப் பிரித்து எண் கொடுத்து வளர்க்கும் வகை) 1957இல் ஃபுளோரிடாவில் சோயா முடிச்சிலிருந்து எடுத்தது. உலகத்தில் அதிகம் ஆராயப்பட்ட சோயா பாக்டீரியா அதுவாகத்தான் இருக்கும். 2002இல் ஜப்பானின் கசூசா ஆய்வு நிலையத்தார் அதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தார்கள்: ஏறத்தாழ 91 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள், 8,300க்கு மேற்பட்ட மரபணுக்கள். இத்தனையும் ஜப்பானிக்கம் என்ற பெயரில். பிறகு கூர்ந்து பார்த்தால் அது ஜப்பானிக்கமே இல்லை, தனிச் சிற்றினம் என்று தெரிந்து டயசோஎஃபிசியன்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். ஆகவே பழைய கட்டுரையில் ஜப்பானிக்கம் என்று வாசித்தால், எந்த ஸ்ட்ரெயின் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஏன் இவ்வளவு குழப்பம்? பாக்டீரியாக்களை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் 16எஸ் ஆர்என்ஏ மரபணு, பிராடிரைசோபியம் பேரினத்துக்குள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது. அண்ணன் தம்பியை நிழலை வைத்துப் பிரிக்கப் பார்ப்பது மாதிரி. அதனால் செல்லின் அன்றாட வேலைகளைச் செய்யும் வேறு சில மரபணுக்களையும் சேர்த்து ஒப்பிடுகிறார்கள். இப்போது முழுத் தொகுதியையே படித்து ஒப்பிடுவது மலிவாகிவிட்டது.

ஆனால் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் வேறு. அன்றாட மரபணுக்களை வைத்து ஒரு வம்சாவளி வரைந்து, முடிச்சு போடும் மரபணுக்களை வைத்து இன்னொன்று வரைந்தால், இரண்டும் பொருந்தாது! ஜப்பானிக்கம், டயசோஎஃபிசியன்ஸ், லியாவோனிங்கென்ஸே எல்லாம் முதல் வரைபடத்தில் தனித்தனிக் கிளை. இரண்டாவதில் ஒரே கொத்தாக வந்து நிற்கின்றன. வீடு வேறு வேறு, சாவி மட்டும் ஒன்று.

அந்தச் சாவி எது என்று பார்ப்போம். சோயா வேர் ஜெனிஸ்டீன், டைட்ஸீன் என்ற ஐசோஃபிளவோன்களை மண்ணில் கசியவிடுகிறது. அதை உணர்ந்த பாக்டீரியா, கைட்டின் துண்டில் கொழுப்பு வால் ஒட்டியது போன்ற ஒரு மூலக்கூறைத் திருப்பி அனுப்புகிறது. இதைத்தான் நாட் காரணி என்கிறார்கள். அதன் வடிவம் பொருந்தினால் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே ஒரு குழாய்ப் பாதை திறக்கும், முடிச்சு எழும்பும். நாட் காரணியைச் செய்யும் மரபணுக்களும், காற்றின் நைட்ரஜனை அமோனியாவாக்கும் நைட்ரஜனேஸ் நொதியின் மரபணுக்களும் யுஎஸ்டிஏ 110இன் குரோமோசோமில் 6.8 லட்சம் எழுத்து நீளமுள்ள ஒரே பகுதியில் குவிந்து கிடக்கின்றன. கூட்டுவாழ்வுத் தீவு என்று அதற்குப் பெயர். ஃபிரெடியில் இவை குரோமோசோமில் இல்லை, பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கின்றன. இந்தத் தீவோ பிளாஸ்மிடோ ஒரு பாக்டீரியாவிலிருந்து பக்கத்தில் உள்ள இன்னொன்றுக்குப் போகக்கூடியது. கொத்துச் சாவியை நகல் எடுத்து அண்டை வீட்டாரிடம் கொடுப்பது போலத்தான்.

இது வெறும் ஊகமாக இருந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். பிரேசிலில் நடந்திருக்கிறது. அங்குள்ள செராடோ புல்வெளி மண்ணில் சோயாவுக்குப் பொருந்தும் பாக்டீரியா ஆதியில் இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து இட்டார்கள். பிறகு அந்த மண்ணில் பிடித்த சில பாக்டீரியாக்களைச் சோதித்தால், உடம்பு உள்ளூர்க்காரருடையது, கூட்டுவாழ்வு மரபணுக்கள் மட்டும் வெளியிலிருந்து இட்ட ஜப்பானிக்கத்தினுடையவை. 2007இல் வெளியான ஆய்வு இது. ஆக, பொட்டலம் போடுகிறவர் பாக்டீரியாவை மட்டும் மண்ணில் விடவில்லை. மண்ணில் ஏற்கெனவே இருப்பவர்கள் வாங்கிக்கொள்ளக்கூடிய மரபணுக்களையும் விடுகிறார்.

சாவியே இல்லாமல் உள்ளே போகிறவர்களும் உண்டு. எல்கானி வகையில் ஒரு ஸ்ட்ரெயின், நாட் காரணி செய்யும் திறனை எடுத்துவிட்ட பிறகும், குறிப்பிட்ட சில சோயா வகைகளில் முடிச்சு போட்டுவிடுகிறது. நோய்க்கிருமிகள் செடிக்குள் புரதங்களை ஊசி போல ஏற்றும் ஒரு கருவியை வைத்து அது காரியத்தைச் சாதிக்கிறது. 2013இல் ஜப்பானியர்கள் இதைக் கண்டபோது துறையில் பலர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

செடியும் சும்மா இருப்பதில்லை. சோயாவில் ஆர்ஜே என்ற மரபணு வரிசை இருக்கிறது. ‘ஹார்டி’ ரகத்தில் உள்ள ஆர்ஜே2, யுஎஸ்டிஏ 122 போன்ற ஸ்ட்ரெயின்களை உள்ளே விடாது. ‘ஹில்’ ரகத்தின் ஆர்ஜே4 வேறு சிலவற்றைத் தடுக்கும். அதனால் ‘எந்த ஸ்ட்ரெயின் நல்லது’ என்று கேட்டால், எந்த ரகத்துக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

எந்த மண்ணுக்கு என்றும் கேட்க வேண்டும். ஜப்பானில் வடக்கிலிருந்து தெற்கே மண் எடுத்துச் சோயா வளர்த்துப் பார்த்தவர்கள் கண்டது தெளிவாக இருக்கிறது. குளிர்ந்த ஹொக்கைடோ பக்கம் ஜப்பானிக்கம் மேலோங்கும், தெற்கே வெப்பமான கியூஷு, ஒகினாவா பக்கம் எல்கானி மேலோங்கும். அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே போக்குதான். மண்ணின் பி.எச். இன்னொரு பெரிய காரணி. வட சீனச் சமவெளியின் காரமான மண்ணில் ஃபிரெடியும் லியாவோனிங்கென்ஸேயும் செழிக்கின்றன. மேற்கே சின்ஜியாங்கில் பிராடிரைசோபியத்தைத் தேடினாலும் அதிகம் கிடைக்காது, வேகமாக வளர்பவைதான் அங்கே ராஜ்ஜியம்.

இந்தியாவில்? இங்கே சோயா வணிகப் பயிரானது 1960களின் கடைசியில். பந்த்நகர், ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகங்கள் வழியாக ‘பிராக்’ போன்ற அமெரிக்க ரகங்கள் வந்தன. ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே குமாவோன் மலைப்பக்கம் ‘பட்’ என்ற கருஞ்சோயாவை மக்கள் விளைவித்துச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். இந்திய வயல்களில் முடிச்சு சேகரித்து 2008இல் வெளியான ஆய்வில் முன்னால் நின்றவை யுவான்மிங்கென்ஸேயும் லியாவோனிங்கென்ஸேயும், அவற்றுக்கு நெருங்கிய வகைகளும்தான். யுவான்மிங்கென்ஸேயை முதலில் விவரித்தது சோயாவிலிருந்தே அல்ல, லெஸ்பெடீசா என்ற வேறொரு பயறினச் செடியிலிருந்து. பெய்ஜிங்கின் பழைய அரண்மனைத் தோட்டமான யுவான்மிங் அதற்குப் பெயர் கொடுத்தது. அதே சிற்றினம் இந்தியாவில் தட்டைப்பயறு, பாசிப்பயறு, நிலக்கடலை வேர்களிலும் கிடைத்திருக்கிறது. கேட்டவரின் நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதல்லவா? பொட்டலம் படாத பக்கத்தில் முடிச்சு போட்டவர் யார் என்பதற்கு எனக்கு முதலில் தோன்றும் விடை இதுதான்: கடலைக்கும் தட்டைப்பயறுக்கும் பழகிய உள்ளூர் பிராடிரைசோபியம். பொட்டலப் பக்கத்திலிருந்து கலப்பையிலும் வாய்க்கால் தண்ணீரிலும் கொஞ்சம் வந்திருக்கலாம், அதையும் மறுக்க முடியாது.

சரி, உள்ளூர்க்காரர் இருக்கும்போது பொட்டலம் எதற்கு?

இங்கேதான் எண்ணிக்கையும் தரமும் தனித்தனிக் கணக்காகின்றன. எண்ணிக்கையில் உள்ளூர்க்காரரை ஜெயிப்பது கடினம். அமெரிக்காவின் மத்திய மேற்கில் யுஎஸ்டிஏ 123 வகை மண்ணில் வேரூன்றிவிட்டது. நல்ல ஸ்ட்ரெயினாகத் தேர்ந்து விதையில் தடவினாலும் முடிச்சுகளில் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும். அயோவாவில் வீவரும் ஃபிரெடரிக்கும் 1974இல் போட்ட கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: பாதி முடிச்சையாவது நாம் இட்டது பிடிக்க வேண்டுமானால், ஒரு கிராம் மண்ணில் உள்ளதைப் போல ஆயிரம் மடங்காவது விதையில் இருக்க வேண்டும். ஹவாயில் பல பயறு வகைகளை வைத்து நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வில், பொருந்தக்கூடிய பாக்டீரியா ஒரு கிராம் மண்ணில் 50 இருந்தாலே பொட்டலத்தால் விளைச்சல் கூடாமல் போனது. 50 என்பது மண் பாக்டீரியா உலகத்தில் ஒன்றுமே இல்லாத எண்.

இதை மட்டும் வாசித்தால் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். பிரேசில் அனுபவம் வேறு மாதிரி. செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து பிரேசிலில் குடியேறிய விஞ்ஞானி யோஹானா டோபரைனர், 1960களிலேயே யூரியா இல்லாமல் சோயா விளைவிக்க வேண்டும், ரகத் தேர்வே அதற்கேற்ப நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஒரு டன் சோயா விதை விளைய ஏறத்தாழ 80 கிலோ தழைச்சத்து தேவை. விதையில் 40% அளவுக்குப் புரதம் இருப்பதால் இந்தப் பசி. அதை உரமாகக் கொட்டினால் நாடு தாங்காது. இன்று அங்கே சோயாவுக்குத் தழை உரமே கிட்டத்தட்ட இடுவதில்லை. நான்கு ஸ்ட்ரெயின்கள்தான் பெரும்பாலும் புழக்கத்தில்: இரண்டு எல்கானி, ஒரு ஜப்பானிக்கம், ஒரு டயசோஎஃபிசியன்ஸ். மண்ணில் ஏற்கெனவே நிறைய இருக்கும் வயலிலும் ஆண்டுதோறும் புதிதாக இட்டால் சராசரியாக 8% அளவுக்கு விளைச்சல் கூடுகிறது என்று பிரேசில் நுண்ணுயிரியலாளர் மரியாஞ்ஜெலா ஹுங்ரியாவும் அவரது சகாக்களும் காட்டியிருக்கிறார்கள். இந்தப் பணிக்காக அவருக்கு 2025இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. விதையோடு இட்ட பாக்டீரியா இளம் வேருக்குப் பக்கத்திலேயே காத்திருப்பதால் முதல் முடிச்சுகள் சீக்கிரம் வந்துவிடுகின்றன. எனக்கு இந்த விளக்கம் ஏற்புடையதாகத்தான் இருக்கிறது.

ஆப்பிரிக்கா எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அமெரிக்க ரகங்கள் அங்குள்ள மண்ணில் பொட்டலம் இல்லாமல் முடிச்சே போடவில்லை. சிறு விவசாயிக்குக் குளிர்பெட்டியில் வைத்த பாக்டீரியா எங்கிருந்து கிடைக்கும்? நைஜீரியாவின் இபாதானில் உள்ள ஐஐடிஏ என்ற வெப்பமண்டல வேளாண்மை ஆய்வு நிலையம் பாக்டீரியாவை மாற்றாமல் செடியை மாற்றியது. உள்ளூர் தட்டைப்பயறு வகை பிராடிரைசோபியத்தோடும் கூட்டுச் சேரக்கூடிய ஆசிய ரகங்களைக் கலந்து ‘டிஜிஎக்ஸ்’ வரிசையை உருவாக்கினார்கள். அழகான யோசனை. ஆனால் எல்லா மண்ணிலும் உள்ளூர்க்காரர் போதுமான அளவில் இல்லை, இருக்கும் இடத்திலும் எல்லாரும் நன்றாக உழைப்பதில்லை. பின்னால் டிஜிஎக்ஸ் ரகங்களுக்கும் பொட்டலம் இட்டால் பல இடங்களில் பலன் தெரிந்தது.

இந்த ‘உழைப்பதில்லை’ என்பதுதான் தரத்தின் கணக்கு. முடிச்சு போடுவது ஒரு திறமை, உள்ளே உட்கார்ந்து நைட்ரஜன் பிடித்துத் தருவது வேறு திறமை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி குறைந்தது 16 செலவாகும், அந்தச் சர்க்கரைக் கணக்கெல்லாம் செடியின் தலையில். கூடவே ஹைட்ரஜன் வாயு கழிவாக வெளியேறும். யுஎஸ்டிஏ 110 போன்ற சில ஸ்ட்ரெயின்கள் அதை மீண்டும் பிடித்துக் கொஞ்சம் ஆற்றலை மிச்சம் பிடிக்கின்றன, பல ஸ்ட்ரெயின்களுக்கு அந்த வசதி இல்லை. எல்கானியில் சில, ரைசோபிடாக்ஸின் என்ற பொருளைச் சுரந்து இளந்தளிரை வெளிறச் செய்துவிடும். தின்றுவிட்டு வேலை செய்யாத சோம்பேறிகளும் உண்டு. அவர்களைச் செடி விட்டுவைப்பதில்லை. 2003இல் கியர்ஸ் குழுவினர் சோயா முடிச்சுகளைச் சுற்றியுள்ள காற்றில் நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானை நிரப்பி, பாக்டீரியா உழைக்கவே முடியாதபடி செய்தார்கள். அந்த முடிச்சுகளுக்குள் செடி ஆக்சிஜனைக் குறைத்தது. பாக்டீரியாவின் பெருக்கம் பாதியளவுக்கு விழுந்தது. கூலி நிறுத்தம் என்று சொல்லலாம்.

ஆகவே முடிச்சு இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், பிளந்து பார்க்க வேண்டும். உள்ளே நல்ல சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு இருந்தால் வேலை நடக்கிறது. அது லெக்ஹீமோகுளோபினின் நிறம், நம் ரத்தத்தில் உள்ளதன் தூரத்துச் சொந்தம். நைட்ரஜனேஸ் ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும், அதே சமயம் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும், இரண்டையும் சமாளித்து அளந்து கொடுப்பது இந்தப் புரதம். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் ஒன்று இன்னும் இளசு, இல்லை வயதாகிவிட்டது, இல்லை சோம்பேறி.

கேட்டவர் தன் இரண்டு பக்கத்திலிருந்தும் பத்துப் பத்துச் செடியை மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுக்கட்டும். பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் நல்ல முடிச்செல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். தண்ணீரில் அலசிவிட்டு முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்க்கட்டும். ஆணிவேரின் மேல்பகுதியில், தண்டை ஒட்டி, பருத்த முடிச்சுகள் கொத்தாக இருந்தால் அவை பெரும்பாலும் விதையில் தடவியதிலிருந்து வந்தவை. பக்கவேர்களில் தள்ளித் தள்ளிச் சிறிதாகச் சிதறியிருப்பவை பெரும்பாலும் மண்ணில் இருந்த உள்ளூர்க்காரர் போட்டவை. இது துல்லியமான சோதனை இல்லை, ஆனால் வயல் வரப்பில் நின்று செய்யக்கூடியது. இரண்டு வகையையும் நகத்தால் பிளந்து நிறம் பார்க்கட்டும். இலையின் பச்சையையும், கடைசியில் இரண்டு பக்கத்து மகசூலையும் தனித்தனியே எடை போட்டு எழுதி வைக்கட்டும். இடையில் யூரியா தூவியிருந்தால் இந்த ஒப்பீடு செல்லாது. மண்ணில் நைட்ரேட் தாராளமாக இருந்தால் செடி முடிச்சுப் போடுவதையே குறைத்துக்கொள்ளும்.

அடுத்த போகத்துக்குப் பொட்டலம் வாங்கும்போது சோயாவுக்கென்று எழுதியிருக்கிறதா, காலாவதி தேதி என்ன என்று மட்டும் பார்த்தால் போதாது, கடையில் அது எங்கே கிடந்தது என்றும் பார்க்க வேண்டும். வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் மருந்து டப்பாக்களோடு அடுக்கியிருந்த பொட்டலத்தை ஒருமுறை நான் வாங்கிவந்து தட்டில் இட்டுப் பார்த்தேன். பத்து நாள் பொறுமையாகக் காத்திருந்தும் ஒரு காலனி வரவில்லை. இந்தமுறை தட்டை அவசரப்பட்டுக் கழுவவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொட்டலம் நல்லதாக இருந்தால், ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதைமேல் சீராகப் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். பூஞ்சாணக்கொல்லி நேர்த்தி செய்வதாக இருந்தால் அதை முன்கூட்டியே முடித்துவிட்டு, பாக்டீரியாவைக் கடைசியாகத் தடவ வேண்டும். நான்கு சால் மட்டும் மறுபடியும் வெறும் விதையாக விட்டுவைத்தால், உள்ளூர்க்காரர் இந்த ஆண்டு எப்படி என்று அடுத்த நாற்பதாம் நாளில் பார்த்துவிடலாம்.